விமானி ஆக எத்தனை மணி நேரம்?

மாலை வேளையில் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பாருங்கள். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே, விசாகப்பட்டினம், கொல்கத்தா பக்கமிருந்து சென்னைக்கு வரும் விமானம் ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம் மாணவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. மற்ற ஊர் மாணவர்கள் மனக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த விமானம் எவ்வளவு உயரத்தில் போகிறது? தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். பயணிகள் விமானம் சுமார் 3 டிகிரி சரிவில் இறங்கும். பழவேற்காட்டிலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 3 டிகிரியின் டேன்ஜென்ட் மதிப்பு 0.052. இரண்டையும் பெருக்கினால் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வருகிறது. ஓடுபாதைக்கு நேராக வருவதற்காக விமானம் வளைந்து செல்ல வேண்டியிருப்பதால், அதன் பாதை இன்னும் நீளம். ஆகவே உண்மையான உயரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சரி, அந்த உயரத்தில் விமானத்தின் மூக்குப் பகுதியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இடப்பக்க இருக்கையில் கேப்டன். வலப்பக்க இருக்கையில் துணை விமானி. துணை விமானி என்றால் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால், அடுத்த பயணத்தில் இவர் ஓட்டுவது வழக்கம். கேப்டன் மயங்கி விழுந்தால் நூற்றைம்பது பேரையும் தரையிறக்க வேண்டியவர் இவர்தான்.

இவருக்கு எவ்வளவு அனுபவம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இந்தியச் சட்டப்படி, சம்பளம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டுவதற்கான வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 18 வயதும் 200 மணி நேரப் பறப்பு அனுபவமும் வேண்டும். எழுத்துத் தேர்வுகளும் மருத்துவப் பரிசோதனையும் தனி.

இருநூறு மணி! நீங்கள் பள்ளியில் நாளுக்கு ஐந்து மணி நேரம் பாடம் கேட்டால் நாற்பது நாளில் முடிந்துவிடும் நேரம் அது.

இதையே ஏரிக்கரைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். படிப்பை முடித்த ஓர் இளைஞர் புதிதாகப் படகில் தொழிலுக்குப் போகிறார். நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு மாதம் சொச்சத்தில் இருநூறு மணி சேர்ந்துவிடும். காற்று பலமாக வீசும் ஒரு நாளில், முகத்துவாரத்தைத் தாண்டும்போது என்ஜின் பிடியை அவர் கையில் கொடுப்பார்களா? கொடுக்கமாட்டார்கள். ஏரி கடலோடு கலக்கும் அந்த இடத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் மேடிட்டுப்போகும். வெளியே பாயும் ஏரி நீரும் உள்ளே வரும் அலையும் மோதிக்கொள்ளும். அலை எழும்பி உடையும் நேரம் பார்த்துப் படகை விட வேண்டும். "எத்தனை மணி நேரம் கடலில் இருந்தாய்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்தப் பருவத்தில் போனான், மேடிட்ட முகத்துவாரத்தில் எத்தனை முறை படகு விட்டான், அப்போது என்ன செய்தான் என்றுதான் பார்ப்பார்கள்.

விமானத் துறையும் இதே கேள்விகளைத்தான் கேட்க விரும்புகிறது. ஆனால் லட்சக்கணக்கான பயணிகளுக்குப் பொறுப்பான ஓர் அரசாங்கம், ஒவ்வொரு விமானியையும் பக்கத்தில் நின்று பார்த்துப் பழக முடியாது. அதனால் எண்ணிக்கையில் தொடங்குகிறது.

இருநூறுக்குள் என்ன இருக்கிறது?

சட்டம் வெறுமனே "இருநூறு மணி" என்று சொல்லி நிறுத்திவிடவில்லை. அவற்றில் குறைந்தது 100 மணி, விமானத்தின் பொறுப்பு முழுவதும் தன் கையில் இருக்கப் பறந்ததாக இருக்க வேண்டும். 20 மணி, ஊர் விட்டு ஊர் செல்லும் நெடும் பறப்பு. அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைலுக்குக் குறையக்கூடாது, வழியில் இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். 300 கடல் மைல் என்பது ஏறக்குறைய 555 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் மதுரையைத் தாண்டிப் போகும் தூரம்! இரவுப் பறப்பு 5 மணி. அதற்குள் பத்து முறை ஏறி, பத்து முறை இறங்கியிருக்க வேண்டும்.

இவற்றோடு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணி. அதிலும் ஐந்து மணிக்கு மேல் தரையிலுள்ள பயிற்சிப் பொறியில் கழிக்கக்கூடாது. பட்டியலில் சின்ன எண்ணாகத் தெரியும் இந்தப் பத்து மணிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பதை நீங்களே ஒரு சோதனை செய்து தெரிந்துகொள்ளலாம்.

சுழலும் நாற்காலி ஒன்றில் உட்காருங்கள். கண்களை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். காலைத் தரையில் ஊன்றாதீர்கள். ஒரு நண்பர் நாற்காலியை மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் சுற்றட்டும். முதலில் சுற்றுவது நன்றாகத் தெரியும். அரை நிமிடம் போனதும் சுற்றல் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் நீங்கள் சுற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள்! இப்போது நண்பர் நாற்காலியை நிறுத்தட்டும். உடனே எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதாகத் தோன்றும். எழுந்திருக்க அவசரப்படாதீர்கள், விழுந்துவிடுவீர்கள்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழாய் திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை அங்குள்ள நுண்மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆனால் சுழற்சி ஒரே சீராக நீடித்தால் திரவமும் குழாயின் வேகத்தைப் பிடித்துவிடுகிறது. வேறுபாடு மறைந்ததும் செய்தியும் நின்றுபோகிறது. சுழற்சி நிற்கும்போது திரவம் மட்டும் தொடர்ந்து ஓடுவதால், எதிர்த்திசையில் சுற்றுவதாக மூளை ஏமாறுகிறது.

பகலில் தொடுவானம் கண்ணுக்குத் தெரியும்வரை இந்த ஏமாற்றம் பலிக்காது. மேகத்துக்குள்ளோ, நிலவில்லாத இரவில் கடலுக்கு மேலோ பறக்கும்போது தொடுவானம் ஏது? விமானம் மெல்லச் சாய்ந்து வளைந்துகொண்டிருக்கும். விமானியோ நேராகப் போவதாக நம்பிக்கொண்டிருப்பார். கருவியைப் பார்த்துச் சாய்வைச் சரிசெய்தாலோ, இப்போதுதான் தவறாகச் சாய்கிறோம் என்று உடம்பு பிடிவாதம் செய்யும். அந்தப் பிடிவாதத்துக்கு இணங்கி மறுபடியும் பழைய சாய்வுக்கே திரும்பி, சுழன்று இறங்கித் தரையில் மோதிய விமானங்கள் பல உண்டு. உடம்பு ஒன்று சொல்ல, கருவி வேறொன்று சொல்ல, கருவியை நம்பும் பழக்கம் புத்தகத்தால் வராது. வெளியே பார்க்க முடியாதபடி முகமறைப்பு மாட்டிக்கொண்டு, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார, மணிக்கணக்கில் பழகினால்தான் வரும்.

இருநூறு மணியில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. இருந்தாலும் இவையெல்லாம் பெரும்பாலும் சிறு விமானங்களில், ஒரே ஆள் ஓட்டிப் பழகியவை. இந்த அனுபவத்தோடு நேரே ஏர்பஸ் விமானத்தில் ஏறி உட்கார முடியாது. அந்த வகை விமானத்துக்கென்று தனியாகப் பயிற்சி உண்டு. சிமுலேட்டர் என்னும் பாவனைப் பொறியில் என்ஜின் தீப்பிடிப்பது முதல் பக்கவாட்டுக் காற்றில் இறங்குவதுவரை திரும்பத் திரும்பச் செய்துகாட்ட வேண்டும். பிறகு பயணிகளோடு பறக்கத் தொடங்கும்போதும் முதலில் பயிற்சி கேப்டன் ஒருவர் கூடவே இருப்பார்.

கேப்டன் ஆவதற்கான பாதையில் உள்ள உரிமம் வேறு. அதற்குக் குறைந்தது 21 வயதும் 1,500 மணி நேரப் பறப்பும் தேவை. அதில் 100 மணியாவது இரவில் பறந்திருக்க வேண்டும்.

ஆரம்ப காலத்தில் இத்தனை கணக்கு ஏது? 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஒற்றை என்ஜின் கொண்ட சிறு விமானம், சுமை கடிதங்கள். பயணிகள் நூற்றுக்கணக்கில் ஏறத் தொடங்கிய பிறகுதான் எண்கள் கண்டிப்பாயின.

பஃபலோ நகருக்கு அருகே

அமெரிக்காவில் துணை விமானிக்கும் 1,500 மணி வேண்டும் என்பது இப்போதைய விதி. முன்பு அங்கே 250 மணி போதுமானதாக இருந்தது. மாற்றத்துக்குக் காரணம் ஒரு விபத்து.

2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்கு வந்த கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் இறங்கும் நேரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர்.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள இறக்கையைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். எதிர்வரும் காற்றுக்குச் சற்றே கோணமாக இறக்கை நிற்பதால்தான் மேல்நோக்கிய ஏற்றவிசை கிடைக்கிறது. கோணம் கூடக்கூட விசையும் கூடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து கலைந்துவிடும். ஏற்றவிசை சடாரென்று குறையும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். என்ஜின் நின்றுபோவது என்று நினைத்துவிடாதீர்கள். என்ஜின் நன்றாக ஓடும்போதே இறக்கை தன் வேலையை நிறுத்திவிடுவதுதான் ஸ்டால்.

வேகம் குறைந்தால், அதே எடையைத் தாங்க விமானி மூக்கை மேலும் மேலும் உயர்த்த வேண்டியிருக்கும். கோணம் எல்லையை நெருங்கும். அப்போது எச்சரிக்கையாக விமானியின் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டு தடதடவென்று நடுங்கும். அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது, தண்டை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்துவது. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் நேரத்தில் மூக்கைக் கீழே தள்ளுவதா! மனம் ஒப்பாது, கை தானாகவே பின்னால் இழுக்கும். முகத்துவாரத்தில் பெரிய அலை எழும்பி வரும்போது புதியவர் படகைத் திருப்பி ஓடப் பார்ப்பதும் இப்படித்தான். பக்கம் காட்டினால் படகு கவிழும். அலைக்கு நேராக மூக்கை வைத்து ஏற வேண்டும்.

பஃபலோ விமானத்தின் கேப்டன், தண்டு நடுங்கியபோது அதைப் பின்னால் இழுத்தார். விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது இதைத்தான்.

மக்கள் கொதித்தெழுந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாது போராடினார்கள். 2010-ல் சட்டம் வந்தது. 2013-லிருந்து துணை விமானிக்கும் 1,500 மணி கட்டாயமாயிற்று. ராணுவ விமானிகளுக்கு 750, விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 என்று சில சலுகைகள் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்த விமானத்தின் கேப்டன் 3,000 மணிக்கு மேல் பறந்தவர். துணை விமானி 2,000 மணிக்கு மேல் பறந்தவர். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள்!

அப்படியானால் அந்த விதி வீணா? இதைப் பற்றி விமானத் துறையில் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவும் இந்தியாவும் ஏறக்குறைய இருநூறு மணியிலேயே துணை விமானியை ஏற்றுக்கொள்கின்றன. சர்வதேசச் சிவில் விமான நிறுவனம் 2006-ல் புதுவகை உரிமம் ஒன்றையும் வகுத்தது. அதில் 240 மணிப் பயிற்சி. பெரும்பகுதி பாவனைப் பொறியில், தொடக்கத்திலிருந்தே இருவர் சேர்ந்து ஓட்டும் முறையில். சிறு விமானத்தில் தனியாக ஆயிரம் மணி சுற்றுவதைவிட இது பயனுள்ளது என்பது அவர்கள் வாதம். வெயில் நாளில் ஒரே விமான நிலையத்தைச் சுற்றி ஆயிரம் முறை வந்தவருக்கு ஆயிரம் மணி அனுபவமா, ஒரு மணி அனுபவம் ஆயிரம் தடவையா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

மறுபக்கமும் நியாயம் உண்டு. பாவனைப் பொறியில் தீப்பிடித்தாலும் யாருக்கும் உயிர் போகாது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். எரிபொருள் குறைந்துகொண்டே வர, மழை மேகம் எதிரே திரண்டு நிற்க, போவதா திரும்புவதா என்று தனியாக முடிவெடுத்த ஒரு மாலைப்பொழுதை எந்தப் பொறியாலும் கொடுக்க முடியாது. மணிகள் கூடினால் அப்படிப்பட்ட மாலைகள் வாய்ப்பது கூடும். என் கருத்தைக் கேட்டால், 1,500 என்ற எண்ணைவிட அந்த விதியோடு கூடவே வந்த ஸ்டால் மீட்புப் பயிற்சியைத்தான் பெரிதாக மதிப்பேன்.

மணிகளைத் திரட்டுவது பெரும்பாடு என்பதால் குறுக்குவழியும் முளைக்கும். பறக்காத மணியைப் பேனாவால் மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொள்வதைப் "பார்க்கர் மணி" என்று விமானிகள் கேலி செய்வதுண்டு. பார்க்கர் என்பது பேனாவின் பெயர். நம் நாட்டிலும் 2011-ல் இப்படிப்பட்ட மோசடிகள் வெளியாகி, கைதுகள்வரை போயின.

பத்தாயிரம் மணியும் ஒரு குரலும்

அதிக மணி பறந்தவர் எப்போதும் சரியாகவே முடிவெடுப்பார் என்றும் சொல்ல முடியாது. 2010 மே 22-ல் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து 158 பேர் இறந்தனர். கேப்டன் பத்தாயிரம் மணிக்கு மேல் பறந்தவர். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிகமாக இருந்தது. இறங்குவதைக் கைவிட்டு மறுபடியும் மேலே ஏறும்படி துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்திருக்கிறது. இறங்குவதைக் கைவிடாததே விபத்தின் நேரடிக் காரணம் என்று விசாரணை நீதிமன்றம் கூறியது.

இங்கே மணிக்கணக்கில் இளையவர்தான் சரியாகச் சொன்னார். ஆகவே இன்று விமானிப் பயிற்சியில் இருவர் பேசிக்கொள்ளும் முறைக்கென்றே பாடம் இருக்கிறது. மூத்தவரிடம் தவறைச் சுட்டிக்காட்டுவது எப்படி, இளையவர் சொன்னால் ஈகோ பார்க்காமல் கேட்பது எப்படி, கேட்காவிட்டால் கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பது எப்போது என்பவையெல்லாம் அதில் அடங்கும். "பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது சுலபமான பாடமல்ல.

ஏரிக்கரையிலிருந்து அந்த இருக்கைக்கு

குப்பத்துப் பள்ளியில் படிக்கும் ஒருவர் அந்த வலப்பக்க இருக்கைக்குப் போக முடியுமா? வயதோ உடற்தகுதியோ பெரிய தடையல்ல. மாணவ விமானி உரிமத்தை 16 வயதிலும், தனியார் விமானி உரிமத்தை 17 வயதிலும் பெறலாம். கண்ணாடி அணிந்தவர்களும், பார்வை திருத்தத்துக்குப் பின் சரியாக இருந்தால், தகுதி பெறலாம். மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் எடுத்துக்கொள்வது நல்லது. மேலே பார்த்த எல்லாமே அவைதாம்.

தடை பணம்தான். சிறு விமானம் ஒரு மணி பறக்க ஆகும் செலவே ஆயிரக்கணக்கில். இருநூறு மணிக்குப் பல பத்து லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு பைபர் படகும் என்ஜினும் வலையும் வாங்கக் கடன்படும் குடும்பத்துக்கு இது எட்டாக் கனி. உத்தரப் பிரதேசத்தில் ராய்பரேலி அருகே மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, இட ஒதுக்கீடும் உண்டு, ஆனால் கட்டணமும் உண்டு. முழுச் செலவையும் அரசே ஏற்கும் வழிகளில் ஒன்று விமானப்படை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். 2021-லிருந்து அந்தத் தேர்வு பெண்களுக்கும் திறந்திருக்கிறது. அங்கே பறக்கும் மணிகளுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் நாட்டுக்குப் பணியாற்ற வேண்டும்.

பழவேற்காட்டு மாணவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பழக்கமும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில், இந்தக் கடற்பகுதிக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அதே நாளில் அதே பகுதியின் வான்வெளியைத் தவிர்க்கச் சொல்லி விமானிகளுக்கும் அறிவிப்பு போகும். புறப்படும் முன் அன்றைய அறிவிப்புகளைப் படித்துவிட்டுத்தான் விமானி ஏற வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. இருநூறு மணியோடு வேலையில் சேர்ந்த துணை விமானி ஒருவர் மாதம் 70 மணி பறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,500 மணியை எட்ட அவருக்கு எத்தனை மாதம் ஆகும்? களைப்பினால் ஆபத்து நேராதிருக்க, ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது விதி. மாதம் 70 மணி பறப்பவர் அந்த வரம்புக்குள் இருக்கிறாரா? அவர் உரிமம் பெறும்போது இரவுப் பறப்பு 5 மணிதான் இருந்தது. பிறகு பறக்கும் ஒவ்வொரு ஏழு மணியிலும் ஒரு மணி இரவாக அமைந்தால், 1,500 மணி முடியும்போது இரவுக்கான 100 மணியும் நிறைந்திருக்குமா? தாளில் போட்டுப் பாருங்கள்.